ரிக்கோ ஜிஆர் 3-ஆ, ஃபுஜி எக்ஸ்100வி-யா: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் சிலர் கேமராவோடு சென்னைத் தெருக்களில் நடக்கிறோம். ஒரு வாரம் திருவல்லிக்கேணி, ஒரு வாரம் மயிலாப்பூர், சில வாரங்கள் காசிமேடு. என் தோளில் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100வி தொங்கும். குர்தாப் பையில் ரிக்கோ ஜிஆர் 3 இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் தேநீருக்குள் இந்த இரண்டைப் பற்றியும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் கீழே கொடுத்திருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை. எனவே வரிசையாகப் படிப்பது நல்லது.

அக்கா, கையடக்கக் கேமராதானே இது? இதற்கு ஏன் இவ்வளவு விலை?

உள்ளே இருக்கும் சென்சாரின், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லின், அளவுதான் காரணம். இரண்டிலும் ஏபிஎஸ்-சி வகைச் சென்சார் இருக்கிறது; ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராக்கள் பலவற்றில் இருப்பதும் இதே அளவுதான். 'ஒரு அங்குல சென்சார்' என்று விற்கப்படும் சிறிய கேமராக்களில் அது 13.2-க்கு 8.8 மி.மீ. மட்டுமே. பரப்பளவைக் கணக்கிட்டால் இவற்றின் சென்சார் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். கைப்பேசிகளின் சென்சார் பெரும்பாலும் அந்த ஒரு அங்குல வகையைவிடவும் சிறியது.

பரப்பு கூடினால் ஒளி கூடுதலாகச் சேரும். மாலை மங்கும் நேரத்தில் நிழலுக்குள் இருக்கும் முகத்தில் கூடத் தோலின் தன்மை தெரியும். கைப்பேசி அதே படத்தைக் கணக்குப் போட்டு வழவழப்பாக்கிக் கொடுக்கும். இவை கண்ணுக்குத் தெரிந்ததைக் கொடுக்கின்றன. அத்தனை பெரிய சென்சாரைக் கைக்குள் அடங்கும் உடலில் வைத்து, அதற்குப் பொருந்தும் லென்ஸையும் செய்வது எளிதல்ல. விலை அதற்குத்தான்.

இரண்டும் எப்போது வந்தவை? எதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ஜிஆர் 3 வந்தது 2019-இல். 24 மெகாபிக்சல், 28 மி.மீ. பார்வைக்கோணம் தரும் எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் ஒளி அதிகம்), கை நடுக்கத்தைச் சமாளிக்கும் நகரும் சென்சார், 2 ஜிபி உள்நினைவகம். வியூஃபைண்டரும் இல்லை, உள்ளமைந்த ஃபிளாஷும் இல்லை.

எக்ஸ்100வி வந்தது 2020-இல். 26 மெகாபிக்சல், 35 மி.மீ. பார்வைக்கோணம் தரும் எஃப் 2 லென்ஸ், கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர், மேலும் கீழும் சாயும் திரை, சின்ன ஃபிளாஷ். நடுக்கம் தாங்கும் வசதி மட்டும் இல்லை.

ஜூம் இல்லையாமே? அப்புறம் எப்படிப் படம் எடுப்பது?

நடந்துதான். கிட்டே போனால் பெரிதாகத் தெரியும், தள்ளி வந்தால் சிறிதாகத் தெரியும். முதல் மாதம் இது குறையாகப் படும். பிறகு கேமராவை எடுக்கும் முன்பே சட்டகத்துக்குள் எது வரும், எது வராது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே லென்ஸோடு வாழ்வதன் பெரும்பயன் இதுதான்.

ரிக்கோவில் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் வசதி உண்டு, 35 மி.மீ. அளவுக்கு வெட்டினால் 15 மெகாபிக்சலும், 50 அளவுக்கு வெட்டினால் 7 மெகாபிக்சலும் மிஞ்சும். ஃபுஜிக்கு 28, 50 மி.மீ. கோணங்களுக்கான துணை லென்ஸ்கள் தனியாகக் கிடைக்கின்றன. ரிக்கோவுக்கும் 21 மி.மீ. துணை லென்ஸ் உண்டு. அவற்றை மாட்டினால் கேமரா பருத்துவிடும் என்பதால் நான் வாங்கவில்லை.

28-க்கும் 35-க்கும் ஏழுதானே வித்தியாசம்? இது ஒரு பெரிய விஷயமா?

இருப்பதிலேயே பெரிய விஷயம் இதுதான். மற்ற எல்லா வேறுபாடுகளையும் இதற்குக் கீழேதான் வைப்பேன்.

எதிரே இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கோவின் சட்டகத்தில் அந்தத் தூரத்தில் சுமார் 2.6 மீட்டர் அகலம் அடங்கும். ஃபுஜியில் சுமார் 2.1 மீட்டர். அந்த அரை மீட்டரில்தான் பக்கத்துக் கடையின் வாழைத்தார், பின்னால் நிற்கும் சைக்கிள், எட்டிப் பார்க்கும் பேரன் எல்லாம் இருக்கிறார்கள். 28 சூழலோடு சேர்த்துச் சொல்லும். 35 ஆளைப் பற்றிச் சொல்லும்.

அதே பூக்காரம்மாவை இரண்டு படத்திலும் ஒரே அளவில் காட்ட வேண்டுமானால், 28-ஐ வைத்திருப்பவர் இரண்டு மீட்டரிலிருந்து 1.6 மீட்டருக்கு வர வேண்டும். இது ஒரு எட்டுக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஒரு எட்டில் நீங்கள் வழிப்போக்கர் என்ற நிலையிலிருந்து அவருடைய இடத்துக்குள் வந்தவர் ஆகிவிடுகிறீர்கள். அந்த எட்டை எடுத்துவைக்க உங்களுக்குக் கூச்சம் இல்லையா, அல்லது சற்றுத் தள்ளி நின்று பேச்சுக் கொடுப்பது உங்கள் இயல்பா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மெகாபிக்சல் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சட்டைப் பைக்குள் போகுமா?

ரிக்கோ போகும். பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். தடிமன் சுமார் 33 மி.மீ. அணைத்தால் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும், மூடி தேவையில்லை. மறுபடி இயக்கினால் ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். எல்லாவற்றையும் வலது கை ஒன்றாலேயே செய்யலாம். இடது கையில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் படம் எடுத்திருக்கிறேன்.

ஃபுஜி 478 கிராம். தடிமன் 53 மி.மீ. லென்ஸ் எப்போதும் வெளியே நிற்கும். தோள் வாரிலோ கைப்பையிலோதான் வைக்க முடியும்.

வியூஃபைண்டர் இல்லாத கேமரா ஒரு கேமராவா, அம்மா? நான் ஃபிலிம் காலத்து ஆள்.

இதைக் கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு ஃபுஜியைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை. அதன் வியூஃபைண்டரில் இரண்டு வகை உண்டு. முன்பக்கத்து நெம்புகோலைத் தட்டினால் வெறும் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்கலாம். அதன்மேல் சட்டகக் கோடு மட்டும் ஒளிரும். சட்டகத்துக்கு வெளியே யார் நடந்து வருகிறார் என்பதும் முன்கூட்டியே தெரியும். இன்னொரு முறை தட்டினால் மின்திரை வரும். கிடைக்கப்போகும் படத்தின் வெளிச்சம் அதில் அப்படியே தெரியும். கண்ணாடி வழியே பார்க்கும்போது அது லென்ஸ் பார்க்கும் அதே கோணம் அல்ல. எனவே மிக அருகில் உள்ள பொருள்களுக்கு மின்திரையையே நம்புங்கள்.

ரிக்கோவில் பின்திரை மட்டும்தான். அது சாயவும் சாயாது. நம் ஊர் பத்து மணி வெயிலில் அந்தத் திரையில் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் 28 மி.மீ. சட்டகம் கைக்குப் பழகிய பிறகு திரையைப் பார்க்கும் தேவை குறைந்துவிடும். அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் வசதியும் அதற்குத் துணை நிற்கும்.

ஸ்னாப் ஃபோகஸ் என்கிறார்களே, அது என்ன மந்திரம்?

ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து வைப்பது, அவ்வளவுதான். ரிக்கோவில் 1, 1.5, 2 மீட்டர் என்று சில தூரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். ஷட்டர் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது. அந்தத் தூரத்துக்கு நேராகப் போய்ப் படத்தை எடுத்துவிடும்.

அதன் பலம் லென்ஸின் குறுகிய குவியத்தூரத்தில் இருக்கிறது. 28 என்பது பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் சொல்லும் கோணம்; உண்மையில் அது 18.3 மி.மீ. லென்ஸ். துளையை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 2 மீட்டரில் வைத்தால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே போதிய தெளிவோடு இருக்கும். ஃபுஜியின் லென்ஸ் 23 மி.மீ. என்பதால் அதே எஃப் 8-இல் 3.3 மீட்டரில் வைத்தால்தான் தொலைவு வரை தெளிவு வரும். அப்போதும் முன்பக்கத் தெளிவு 1.6 மீட்டரில்தான் தொடங்கும். ஃபுஜியில் கையால் வளையத்தைத் திருப்பி இதைச் செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் ரிக்கோவில் இது விரலின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. 1996-இல் வந்த ஜிஆர் 1 ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதி இருந்தது. ஜப்பானின் டைடோ மொரியாமா போன்ற தெருப் புகைப்படக்காரர்கள் இந்த வரிசையை விடாமல் பிடித்திருந்ததில் வியப்பில்லை.

இருட்டில் எது நன்றாக எடுக்கும்? ஒன்றில் எஃப் 2, இன்னொன்றில் நடுக்கம் தாங்கும் வசதி. குழப்பமாக இருக்கிறது.

நீங்கள் எடுக்கப்போவது அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. எஃப் 2 லென்ஸ் எஃப் 2.8-ஐப் போல இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். ரிக்கோவின் நகரும் சென்சார் நான்கு படி வரை கை நடுக்கத்தைத் தாங்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஒரு படி என்றால் இரண்டு மடங்கு. 1/30 நொடியில் கை நிற்கும் ஒருவர் அரை நொடி வரை போய்ப் பார்க்கலாம் என்பது அதன் பொருள். நடைமுறையில் 1/8 வரை நான் நம்புவேன்.

கோபுர வாசலின் கல்தூண், அகல் விளக்கு, ஆளில்லாத சந்து என்றால் ரிக்கோ வெல்லும். நடுக்கம் தாங்கும் வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே நடக்கும் மனிதரை நிறுத்தாது. இட்லிக் கடையில் தட்டு எடுத்துக் கொடுக்கும் கைக்கு 1/125-ஆவது வேண்டும். அங்கே அந்த ஒரு படி கூடுதல் ஒளியால் ஃபுஜி வெல்லும். இன்னொன்று: மங்கிய வெளிச்சத்தில் ரிக்கோவின் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். அப்போது மேலே சொன்ன ஸ்னாப் ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள்.

நல்ல வெயிலில் பின்புலத்தை மங்கலாக்கி எடுத்தால் படம் வெளுத்துப்போகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உச்சி வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: எஃப் 16-இல், ஐஎஸ்ஓ எண்ணையே (சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) ஷட்டர் வேகமாக வைப்பது. ஃபுஜியின் அடிப்படை ஐஎஸ்ஓ 160. எனவே எஃப் 16-இல் 1/160. எஃப் 2-க்கு வந்தால் ஆறு படி கூடும். வேகம் 1/10,000 நொடியைத் தாண்ட வேண்டும். அதன் இயந்திர ஷட்டர் 1/4000-த்தோடு நின்றுவிடும். மிச்ச ஒளிதான் படத்தை வெளுக்கச் செய்கிறது.

அதற்காகத்தான் இரண்டு கேமராவுக்குள்ளும் ஒளி குறைக்கும் என்டி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். ஃபுஜியில் அது நான்கு படி குறைக்கும். மேலே சொன்ன 1/10,000 ஏறத்தாழ 1/640-க்கு இறங்கிவிடும். ரிக்கோவில் இரண்டு படி. அதன் லென்ஸ் எஃப் 2.8 என்பதால் அதுவே போதும். இரண்டிலும் இதை ஒரு பொத்தானில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபுஜியில் மின்னணு ஷட்டரும் உண்டு என்றாலும், வேகமாக அசையும் பொருள்களை அது சாய்த்துக் காட்டும்.

ஃபுஜி நிறங்கள் அழகு என்கிறார்கள். ஆனால் நம் தோல் நிறம் அதில் சரியாக வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு நன்றி. இதைக் கேட்பவர்கள் குறைவு. கருத்த முகம் சட்டகம் முழுக்க நிறைந்தால் கேமரா 'வெளிச்சம் போதவில்லை' என்று நினைத்து முகத்தை வெளிறச் செய்யும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கோ வானத்துக்கோ முன்னால் இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். இது எல்லாக் கேமராவிலும் நடப்பதுதான். நாம்தான் திருத்த வேண்டும். ஃபுஜியில் மேலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறது. கட்டைவிரலால் ஒரு தள்ளு போதும். முதல் சூழலில் கொஞ்சம் குறையுங்கள், இரண்டாவதில் கூட்டுங்கள். ரிக்கோவிலும் இதைச் செய்யலாம், ஆனால் சக்கரத்தில் எண் கண்ணுக்குத் தெரிவதுபோல் அங்கே தெரியாது.

நிறத் தேர்வுகளில், ஃபுஜியின் வெல்வியா நம் தோலைச் செம்மைப்படுத்திக் கெடுத்துவிடும். முகங்களுக்கு அதைத் தவிர்ப்பேன். ப்ரோவியா, ஆஸ்டியா இரண்டும் நேர்மையானவை. கிளாசிக் குரோம் வெயில் நேரத் தெருவுக்கு நன்று. கருப்பு வெள்ளைக்கு ஃபுஜியின் ஆக்ரோஸ் மென்மையாக இருக்கும். ரிக்கோவின் அதிக முரண் கொண்ட கருப்பு வெள்ளை கரியில் வரைந்தாற்போல் இருக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். எதைத் தேர்ந்தாலும், கருப்பை வெளுப்பாக்கிக் காட்டுவதை அழகு என்று எண்ணாதீர்கள். அந்தத் தோலில் ஒளி விழும் விதம்தான் படம்.

கல்யாணத்தில் எடுத்தபோது பட்டுப் புடவையில் வானவில் போல அலையலையாக வருகிறதே?

நெசவின் இழைகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. ஒரு கொசுவலை மேல் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், அதே அலை தெரியும். கூடுதல் கூர்மைக்காக ரிக்கோவில் இதைத் தடுக்கும் மென்படலத்தை வைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சென்சாரை மிக நுண்ணிய அளவில் அசைத்து அலையைக் கலைக்கும் வசதி மெனுவில் இருக்கிறது. பட்டுப் புடவை இருக்கும் இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபுஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிறப்புள்ளிகள் 6-க்கு 6 என்ற ஒழுங்கு குறைந்த அமைப்பில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பேட்டரி எத்தனை நேரம் வரும்?

கேமரா நிறுவனங்கள் பின்பற்றும் பொதுச் சோதனை முறைப்படி ரிக்கோவில் சுமார் 200 படம். ஃபுஜியில் மின்திரை வழியே பார்த்தால் 350, கண்ணாடி வழியே பார்த்தால் 420. ரிக்கோ வாங்கினால் கூடவே இன்னும் இரண்டு பேட்டரி வாங்கிவிடுங்கள். இரண்டையும் யுஎஸ்பி-சி வழியாக ஏற்றலாம்.

காணொளி?

ஃபுஜியில் 4கே உண்டு. ரிக்கோவில் முழு எச்டி மட்டும். அதையும் பெயருக்கு வைத்திருக்கிறார்கள். காணொளிதான் முதன்மைத் தேவை என்றால் இரண்டும் வேண்டாம்.

மழையும் தூசும் தாங்குமா? நான் ஜல்லிக்கட்டு எடுக்கப் போகிறேன்.

ரிக்கோவை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதன் உடலில் தூசு நீர்த் தடுப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகிறது. அப்போது காற்றும், காற்றோடு தூசும் உள்ளே போகும். சென்சாரை அதிரவைத்து உதறும் வசதி இருந்தாலும் எல்லாம் உதிர்ந்துவிடாது. லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமாகச் சுத்தம் செய்யவும் முடியாது. பையில் வைக்கும்போது சின்ன உறை ஒன்றில் போட்டு வைப்பதே வழி.

ஃபுஜியின் உடலில் தடுப்பு இருக்கிறது, ஆனால் லென்ஸின் முன்பக்கம் திறந்தது. அதற்கென்று விற்கும் வளையத்தையும் 49 மி.மீ. பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டினால்தான் தூறலுக்கும் தூசுக்கும் தாங்கும். அந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜல்லிக்கட்டைப் பொறுத்தவரை, 35 மி.மீ. லென்ஸோடு காளைக்கு அருகில் போவது ஆபத்து. அதற்கு நீண்ட லென்ஸ் உள்ள வேறு கேமராவை இரவல் வாங்குங்கள்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு பகை, பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பழையதாகத்தான் வாங்க முடியும். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதல் சோதனை தூசு. துளையை எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசு. இதை எஃப் 2.8-இல் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஒரு விற்பனையாளர் அப்படித்தான் காட்டி எனக்கு ஒரு கேமராவை விற்றார். வீட்டுக்கு வந்து எஃப் 16-இல் பார்த்தபோது வானம் முழுக்க அம்மைத் தழும்பு. அதன் பிறகு இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் பணத்தை எடுப்பதில்லை.

அடுத்து, கைப்பேசி டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் பூஞ்சை. ரிக்கோவில் இருபது முறை இயக்கி அணையுங்கள். லென்ஸ் தயங்காமல் நீள வேண்டும். பின்பக்கச் சக்கரத்தை இரண்டு பக்கமும் சுற்றி, எண் தாவாமல் மாறுகிறதா என்று பாருங்கள். ஃபுஜியில் வியூஃபைண்டரின் இரண்டு முறைகளையும் மாற்றிப் பாருங்கள். திரையைச் சாய்த்த நிலையில் படம் மினுங்காமல் தெரிகிறதா என்று கவனியுங்கள். பில்லைக் கட்டாயம் கேளுங்கள்.

புதிய பதிப்புகள் வந்துவிட்டனவே, அக்கா. இன்னும் ஏன் இவற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

வந்துவிட்டன. 2024-இல் வந்த ஃபுஜியின் ஆறாம் பதிப்பில் 40 மெகாபிக்சலும், இந்த வரிசையில் இல்லாதிருந்த நடுக்கம் தாங்கும் வசதியும் இருக்கின்றன; எடை 521 கிராம். 2025-இல் வந்த ஜிஆர் 4-இல் உள்நினைவகம் 53 ஜிபி-க்கு உயர்ந்திருக்கிறது. நடுக்கம் தாங்கும் வசதியும் மேம்பட்டிருக்கிறது. பணம் இருந்தால் வாங்குங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று இன்னும் 28, மற்றொன்று இன்னும் 35. எனவே தேர்வு மாறவில்லை. 28 அதிகம், 35-உம் கொஞ்சம் அகலம் என்பவர்களுக்கு 40 மி.மீ. கோணத்தில் ஜிஆர் 3எக்ஸ் என்ற உடன்பிறப்பும் 2021-இலிருந்து இருக்கிறது.

ரிக்கோ இருந்தால் யாருக்கும் தெரியாமல் எடுக்கலாமாமே?

எடுக்கலாம். ஷட்டர் சத்தம் கேட்காது. கேமரா போலவே தோன்றாது. அதனால்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன். தெருவில் போகும் கூட்டத்தை எடுப்பது வேறு. நடைபாதையில் தூங்குபவரை, குளிக்கும் இடத்தில் இருப்பவரை, அழுகிறவரைக் கேட்காமல் எடுப்பது வேறு. நம் நடைகளில் இரண்டாவதற்கு இடமில்லை. படம் எடுத்ததை ஒருவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், அவர் கண்முன்னே அழித்துக் காட்டுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? உங்களிடம் ஒன்றுதான் இருக்கலாம் என்றால்?

உங்களுக்கு: கைப்பேசியில் நீங்கள் எடுத்த கடைசி நூறு படங்களைப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் 28-ஐவிடச் சற்று அகலம். நூறில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்திருந்தால் ரிக்கோ உங்களுக்குப் பொருந்தும். ஓரங்களை வெட்டிக்கொண்டே இருந்திருந்தால் ஃபுஜி. எப்போதும் கையில் பை இல்லாமல் போகிறவர் என்றால், மறுபேச்சில்லாமல் ரிக்கோ.

எனக்கு: ஃபுஜி. அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது எதிரே இருப்பவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரிகிறது. காசிமேட்டில் மீன் அறுக்கும் அக்கா ஒருவர் நான் கேமராவைத் தூக்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொள்வார். முதலில் 'இயல்பான படம் போய்விட்டதே' என்று வருந்தினேன். இப்போது அவர் தயாராகும் வரை காத்திருக்கிறேன். அவருடைய வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அப்படி எடுத்த படம்தான்.